மூன்றாவது வரி

தன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடப்பதற்கு முந்தைய நாள் பிற்பகல், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் தலையைத் தூக்காமலே, "இருக்கேன்," என்றார்.

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "யாருக்குப் பதில் சொல்றீங்க?"

"நீ கூப்பிடலை?"

"நான் கூப்பிட்டு என்னைக்கு முதல் தடவையிலயே பதில் சொல்லியிருக்கீங்க?"

அவர் சிரித்தார். மேசைக்கடியில் படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயது மகளும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். கொஞ்ச நாளாகவே இது இருந்தது. தினமும் மூன்று மணி வாக்கில், யாரும் கூப்பிடாதபோது, அவர் இப்படிச் சொல்வார். வேலை அலுப்பு என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஓர் இணையதளத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரும்போது, அவர் எழுதிய நிரல் வாசலில் நின்று, பின்னால் இருக்கும் சர்வர் கணினிகளில் எது கொஞ்சம் ஓய்வாக இருக்கிறதோ அதனிடம் ஒவ்வொருவரையும் அனுப்பிவைக்கும். நடுநடுவே ஒவ்வொரு சர்வரையும் 'இருக்கிறாயா?' என்று கேட்டுக்கொள்ளும். மூன்று தடவை பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதாகக் கணக்கு. அடுத்ததிடம் போய்விடும். பத்து வருடம் உட்கார்ந்து இதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்குச் சும்மா கொடுத்திருந்தார். "ஊருக்கெல்லாம் வாசல் காக்கிறீங்க, நம்ம வீட்டு பெல் அடிச்சா மட்டும் எந்திரிக்க மாட்டீங்க," என்பாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் மூன்று மணிக்கு அவர் வாய் திறந்தது. அவள் ஓடிப்போய் உள்ளங்கையால் பொத்தினாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" இரண்டாம் நாள் அவர் ஒரு தாளில் 'ஒரே ஒரு வார்த்தை' என்று கிறுக்கிக் காட்டினார். "அரை வார்த்தை கிடையாது. குரல் வேணுமா, வேண்டாமா?" மூன்றாம் நாள் அவர் திமிறினார். கண்ணில் நீர் திரண்டது. பிடிவாதத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டே அவள் கையை எடுக்காமல் நின்றாள். விரல்களின் மேல் அவருடைய மூக்குக்காற்று சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு படவில்லை.

இதயம், என்றார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு, கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களின் பேச்சு தணிந்து கேட்டுக்கொண்டிருக்க, அவள் தனியாக அவருடைய அறையில், யாரும் அணைக்க நினைக்காத கணினியின் மெல்லிய முனகலையும் சூடேறிய தூசியின் வாசனையையும் சுவாசித்தபடி, நாற்காலியின் நிழல் தரையில் நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொலைபேசியின் மறுமுனையில் ஆள் இருந்தும் பேசாமல் காத்திருப்பதுபோல் ஓர் அமைதி அவள் காதருகே வந்து நின்றது. குரல் இல்லை. சொல்லும் இல்லை. ஆனால் இருக்கிறாயா என்று கேட்கப்பட்டது. நெஞ்சுக்குள் கைவிட்டு எதையோ எடைபார்ப்பதுபோல் இறுகியது.

"இருக்கேன்," என்றாள்.

விட்டுவிட்டது.

அடுத்த நாளும் மூன்று மணி. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்து, அவருடைய கோப்புகளைக் குடைந்தபோது அது கிடைத்தது. நிரலைப் புதிதாக எடுப்பவர்களுக்காக அவர் எழுதிவைத்த மாதிரிக் கோப்பு. அதில் மூன்று சர்வர்கள், மூன்று வரிகள். முதல் வரியில் 'சோம்பேறி', அவள் அவருக்கு வைத்த பெயர். அவர் இல்லாவிட்டால் 'மகாராணி', அவளுக்கு அவர் வைத்தது. அவளும் இல்லாவிட்டால் 'வாலு'. மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேலே ஒரு குறிப்பு: 'இது மாதிரி மட்டுமே. பெயர்களை மாற்றிக்கொள்ளவும்.'

மூன்றாவது வரியை அழித்துவிட்டு, அவரோடு சேர்ந்து நிரல் எழுதிய நண்பருக்கு ஃபோன் செய்தாள். கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஆள்.

"அண்ணி, நீங்க அழிச்சது அந்த மெஷின்ல இருக்கிறதை. அது எப்பவோ உலகம் பூரா போயிடுச்சு. பாதிப் பேர் பேரை மாத்தாம அப்படியேதான் ஓட்டுவான். எங்க ஆளுங்க லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"ஓட்டினா?"

"ஒண்ணும் ஆகாது. இல்லாத ஆளை இருக்கியா, இருக்கியான்னு கேட்டுக்கிட்டே கிடக்கும்."

"அவ பேரை எடுத்துடுங்க தம்பி. இப்பவே."

"நேத்துதான் அண்ணன் ஞாபகமா புது வெர்ஷன் விட்டோம், அண்ணி. அந்த மூணு பேரை மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு எல்லாருமா முடிவு பண்ணினோம். ஒரே நாள்ல நாப்பதாயிரம் பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க."

அன்று நான்கு மணிக்கும் வந்தது. நான்கரைக்கும். பிறகு அவள் கடிகாரம் பார்ப்பதை விட்டாள்.

மகளுக்குத் தலை வாரும்போது. இருக்கேன். செருப்பு மாட்டிவிடும்போது. இருக்கேன். தண்ணீர் ஒரு மிடறு. இருக்கேன்.

"அம்மா, யாருகூடப் பேசிக்கிட்டே இருக்கே?"

"ஃபோன்ல."

"ஃபோன் அங்க இருக்கு."

இருக்கேன்.

நான்காம் நாள். தூக்கம் இல்லை. உதடு வெடித்திருந்தது. மகள் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பென்சில் உரசும் சத்தம். நல்ல வெயில். கண் சொருகியது.

ஒன்று போயிற்று.

உதறி எழுந்தாள். நாக்கு பலகையாகக் கிடந்தது. காற்று மட்டும் வந்தது.

இரண்டு.

மூன்று.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். பக்கத்தில் யாரோ குனிந்து நிற்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அவள் காதோரத்து முடி மெல்ல விலகியது.

"நான் இருக்கேன்," என்று அம்மா அலறினாள். "இங்க. நான்தான். என்னைக் கேளு."

மகள் திரும்பவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. புது வெர்ஷனை எடுத்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று கண்ணாடி சந்தோஷமாக அனுப்பியிருந்தார். கூடவே கோப்பின் படம். மூன்றாவது வரியில் வாலு என்றே இருந்தது.