ஒரு ஹைட்ரஜன் போதும்!

டொமினிக் தொம்மன் காபி ரூம் தரையில் பிணமாகக் கிடந்தது நேற்று மதியம் மூன்று மணிக்கு.

இன்று காலை எட்டரைக்கே அவருடைய மனைவி ரெகுலா ஆபீஸுக்கு வந்துவிட்டாள்!

பாஸல் நகரத்து மருந்துக் கம்பெனி. புருஷன் நான்காவது மாடியில் கெமிஸ்ட். மனைவி இரண்டாவது மாடியில், கம்பெனி இதுவரை தயாரித்த இருபது லட்சம் ரசாயனங்களின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

எதிரே இன்ஸ்பெக்டர் கிஸின். பக்கத்தில் டிபார்ட்மெண்ட் தலைவர் லாயென்பெர்கர்.

"விஷம் முழுசா கிடைக்கலை மேடம்," என்றார் கிஸின். "உடம்பு அதை உடைச்சிடுச்சு. ரத்தத்துல நடுத்துண்டு மட்டும்தான் எங்க லேப்ல மாட்டுச்சு. அந்தத் துண்டு இருக்கிற ரசாயனம் இந்தக் கம்பெனியில இருக்கான்னு காலையில கேட்டிருந்தேன்."

"தேடியாச்சு!" லாயென்பெர்கர் துள்ளினார். "பூஜ்யம்! இருபது லட்சத்துல ஒண்ணுகூட இல்லை! விஷம் வெளியிலேர்ந்து வந்திருக்கு. எங்களுக்குச் சம்பந்தமே இல்லை!"

முகத்தில் லாட்டரி விழுந்த சந்தோஷம்! செத்தவர் கூட வேலை பார்த்தவர் என்பது தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

கிஸினின் செல்போன் அலறியது.

"சொல்லுங்க டாக்டர்... என்னது...? எப்போ...?"

போனை வைத்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ஃப்ளூரினா கேஸர்... உங்க லேப் டெக்னீஷியன்தானே?"

ரெகுலா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"அவளுக்கு என்ன?"

"நேத்து காபி மெஷின் ரிப்பேராம். உங்க புருஷனோட ஃப்ளாஸ்க்லேர்ந்து கொஞ்சம் வாங்கிக் குடிச்சிருக்காங்க. இன்னிக்குக் காலையில நினைவு தப்பி விழுந்திருக்காங்க. விஷம் முழுசா என்னன்னு தெரிஞ்சாத்தான் மாற்று மருந்து கொடுக்க முடியுமாம். பன்னிரண்டு மணிக்குள்ள!"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

ஃப்ளூரினா! தினமும் ஒரே ட்ராமில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். பையன் பல் விழுந்ததைக்கூட இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வருவாள். ரெண்டு பிள்ளைகள்.

ரெகுலா ஒரு நிமிஷம் அசையவில்லை.

அப்புறம், "அந்தத் தேடலைத் திறங்க," என்றாள்.

"மேடம், குடும்பத்து ஆள் தேடக் கூடாதுன்னு..."

"மணி ஆகுது இன்ஸ்பெக்டர்."

கிஸின் தலையாட்டினார். லாயென்பெர்கர் திறந்தார். திரையில் இரண்டு வளையங்கள். நடுவில் ஒரு நைட்ரஜன். அதன் நுனியில், சின்னதாக ஒரு ஹைட்ரஜன்.

"இது தப்பு," என்றாள் ரெகுலா.

"எது?"

"துண்டை வெச்சுத் தேடும்போது நுனியைச் சும்மா விட்டுடணும். அங்க எது ஒட்டியிருந்தாலும் மெஷின் கண்டுபிடிச்சிடும். ஹைட்ரஜன் போட்டா, அங்க ஹைட்ரஜனைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

பஸ் ஸீட்டில் துண்டு போட்ட கதைதான்! வேறு யாரும் உட்கார முடியாது.

"அப்ப நாம தேடற விஷத்தையே..."

"வெளியில நிறுத்திட்டோம்."

"புதுசா சேர்ற பசங்க செய்ற தப்பா?"

"ஆமா. இருபது வருஷ அனுபவம் இருக்கிறவங்க இதைத் தெரியாம செய்ய மாட்டாங்க."

கிஸின் மெல்லத் திரும்பி லாயென்பெர்கரைப் பார்த்தார். லாயென்பெர்கரின் நெற்றியில் குபுகுபுவென்று வியர்வை!

ரெகுலா ஹைட்ரஜனை அழித்தாள். பட்டனைத் தட்டினாள்.

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

ஒன்று!

ஒரே ஒரு ரசாயனம்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது. கொடுத்த எலியெல்லாம் செத்ததால் ஓரங்கட்டப்பட்டது. எந்த மாற்று மருந்து கொடுத்தபோது மட்டும் எலி பிழைத்தது என்ற குறிப்பும் கீழேயே இருந்தது.

கிஸின் மூச்சு விடாமல் ஆஸ்பத்திரிக்குப் படித்துக் காட்டினார்.

காத்திருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு போன் வந்தது.

"கண்ணைத் திறந்துட்டாங்களாம்!"

ரெகுலா கண்களை மூடிக்கொண்டாள். நேற்றிலிருந்து முதல் முறையாக அவளுக்குள் ஏதோ அசைந்தது. நிம்மதி.

கிஸின் கைவிலங்கை எடுத்தார்.

"கையை நீட்டுங்க லாயென்பெர்கர் சார்."

"ஐயோ! எனக்கு வரையவே தெரியாது! மேனேஜர் ஆகிப் பத்து வருஷமாச்சு! வளையம் போடச் சொன்னா முட்டை போடுவேன்! குடும்பத்து ஆள் தேடக் கூடாது, பட்டனை நான்தான் அமுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அமுக்கினேன்! அவ்வளவுதான்!"

"அப்ப வரைஞ்சது?"

"மெயில்ல வந்தது. அனுப்பினது..."

மென்று விழுங்கினார்.

"நான்தான்," என்றாள் ரெகுலா. மணி கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்.

கிஸின் கைவிலங்கோடு அவள் பக்கம் திரும்பினார்.

"புருஷன் செத்த மறுநாளே வேலைக்கு வந்தது..."

"அதுக்குத்தான். வேற யார் வரைஞ்சிருந்தாலும் சரியா வரைஞ்சிருப்பாங்க."

"விஷம்?"

"ஸ்டோர் பாட்டில்ல அரை கிராம் குறையும். நிறுத்துப் பாருங்க."

"ஏன் மேடம்?"

"என் கையை ரெண்டு தடவை ஒடிச்சான். ரெண்டு தடவையும் பனிச்சறுக்குல விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில சொன்னான். எனக்குப் பனிச்சறுக்கே தெரியாது இன்ஸ்பெக்டர். குழந்தைகூடச் சறுக்குற இந்த ஊர்ல அதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

கிஸின் திரையைப் பார்த்தார்.

"அந்த ஹைட்ரஜனை அழிக்காம இருந்திருந்தா, தப்பிச்சிருப்பீங்க."

"ஃப்ளூரினா என்ன பண்ணினா, பாவம்? காபி கேட்டா. அவ்வளவுதானே?"

தானாகவே எழுந்து கையை நீட்டினாள். விலங்கு 'க்ளிக்' என்றது.

கதவருகே லாயென்பெர்கர் தயங்கித் தயங்கி வந்தார்.

"இன்ஸ்பெக்டர்... திங்கட்கிழமை இவங்க ட்ரெயினிங் க்ளாஸ் ஒண்ணு இருக்கு. நாற்பது பேர் பதிவு பண்ணியிருக்காங்க. கேன்சல் பண்ணிடவா?"

"என்ன தலைப்பு?"

"தேடும்போது சாதாரணமா நடக்கிற தப்புகள்."

"அடடா!" என்றார் கிஸின். "நான் வேணா இவங்களை ஒரு மணி நேரம் ஜாமீன்ல அனுப்பட்டுமா?"