ஐந்தாகப் பிரிந்த மரம்

இரண்டிரண்டாகக் கிளை பிரிய வேண்டிய மரம் ஐந்தைந்தாகப் பிரிந்து நின்றது. த்ரீடி பிரிண்டரின் தட்டிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்து, ஜன்னலோரம் மிச்சமிருந்த மாலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். வெளியே மழை சன்ஷேடில் சடசடத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் உருகிய பிளாஸ்டிக்கின் வாசனை, லேசான இனிப்போடு, மருந்து பாட்டிலைத் திறந்து வைத்ததுபோல.

மரங்களை அவள் வரைவதில்லை, கம்ப்யூட்டரில் நிரலாக எழுதுவாள். ஒரு தண்டு, அதன் நுனியில் அதே தண்டு சிறிதாக, அதன் நுனியில் இன்னும் சிறிதாக. ஃபிராக்டல் என்பார்கள். எத்தனை கிளை, எவ்வளவு சாய்வு, எத்தனை அடுக்கு என்று எண்களை மாற்றினால் போதும், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தனக்கே தனக்கென்று ஒரு மரம் அச்சாகி வரும். மகள் காய்ச்சலில் போன பிறகு பிரிண்டர் இருந்த மேசைப் பக்கமே எட்டிப்பார்க்காதவள், கணவன் கெஞ்சியதால்தான் இன்று ஓர் ஆர்டரைக் கையில் எடுத்திருந்தாள்.

திரையில் பார்த்தாள். கிளை: இரண்டு. படத்திலும் இரண்டுதான். மறுபடி ஓடவிட்டாள். நூல்போல இறங்கிய பிளாஸ்டிக் அடுக்கடுக்காக ஏற ஏற, மெஷினின் முனகல் மழைக்குள் கரைந்து, பக்கத்து அறையில் யாரோ ஜுரத்தில் அனத்துவதுபோலக் கேட்டது.

மறுபடி ஐந்து. இம்முறை நான்கு கிளைகள் சேர்ந்திருந்தன. ஐந்தாவது குட்டையாக, சற்றுத் தள்ளி.

டீயோடு வந்த கணவன் அதைப் பார்த்தான். டம்ளரை மேசையில் வைத்தான்.

“இது மரம் இல்லம்மா.”

“தெரியுது. சுண்டுவிரலைப் பாருங்க, கொஞ்சம் உள்ளே வளைஞ்சிருக்கு. வேற யாருக்கு அப்படி இருக்கும்?”

“வேண்டாம். நம்ம குட்டி போயிட்டா. விட்டுடு.”

அவன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். அழுகையை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

அவள் கதவைத் தாழிட்டாள். பிளக்கைச் செருகினாள். தண்டின் பருமனைக் கூட்டினாள். சாய்வைக் குறைத்தாள். ஆஸ்பத்திரியில் கடைசிவரை பிடித்திருந்த கை. அதன் அளவு அவளுக்கு எப்படி மறக்கும்? அடுக்கு: ஒன்று. ஒரு கை போதும். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மெஷின் ஓய்ந்தபோது அறை இருட்டியிருந்தது. தட்டில், மணிக்கட்டுக்கு மேல், சின்னக் கை ஒன்று விரிந்து நின்றது. தொட்டாள். சூடு. பிளாஸ்டிக்கின் சூடு இல்லை.

காய்ச்சல் சூடு.

உள்ளங்கையில் தன் சுட்டுவிரலை வைத்தாள்.

விரல்கள் மூடின.

“குட்டி... அம்மா இங்கதான்டா இருக்கேன்.”

பிடி இறுகியது. வலித்தது. இழுத்தாள். விடவில்லை.

பிறகு விரல் நுனிகள் பிளந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கை. அவள் மகளின் கைதான். நகத்தளவு. அவற்றின் நுனிகளிலும் கைகள். அரிசியளவு. அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துச் சிறுத்து, எல்லாம் விரிந்தன, மூடின, விரிந்தன. ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ள ஒரு விரலைத் தேடியது.

கதவு தட்டப்பட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் தன் இன்னொரு கையையும் நீட்டினாள்.