மூன்றாவது ஸ்கேன்

போன் அலறியது.

"இருமல்ல பேஷண்ட் தலை ஆடிடுச்சு சார்... இந்த ஸ்கேனும் வீண்!" என்றாள் மூளை டாக்டர்.

"மறுபடியுமா?!"

இன்ஸ்பெக்டருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏழு மாதம்!

மாடிப்படியில் உருண்டு விழுந்த அச்சக முதலாளி கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். அசைவில்லை... பேச்சில்லை. தள்ளிவிட்டது யார்? அவரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. முதல் ஸ்கேனில் மெஷின் மக்கர். இரண்டாவது, இதோ!

மறுநாள் மூன்றாவது ஸ்கேன்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், முதலாளியின் தம்பி எரிந்து விழுந்தார்.

"அண்ணனை ஏன் சார் வதைக்கிறீங்க? அவர் மூளை எப்பவோ போயாச்சு. ட்யூபை எடுக்க நான் கையெழுத்து போட்டாச்சு. நாளைக்கு எடுத்துடுவாங்க!"

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் டாக்டர். "இந்த நிலைமையில இருக்கிற சிலருக்கு நாம பேசறது புரியுதுன்னு ஆராய்ச்சியில தெரிய வந்திருக்கு. 'ஆமாம்'னா பந்து அடிக்கிற மாதிரி நினைக்கச் சொல்லியிருக்கேன். 'இல்லை'ன்னா வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி. மூளையில வேற வேற இடம் திரையில சிவக்கும்."

இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்தார்.

"சார்... உங்களை யாராவது தள்ளிவிட்டாங்களா?"

திரையில் வெறும் சாம்பல் நிறம்.

திரும்பக் கேட்டார். தொண்டை வறளக் கேட்டார்.

சாம்பல்!

"சே!" மேஜையில் ஓங்கிக் குத்தினார். தம்பியின் உதட்டோரம் மெல்லிய சிரிப்பு.

அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் மறுபடி மைக்கிடம் குனிந்தார்.

"தள்ளினது... உங்க தம்பியா?"

திரையை மறைத்தாற்போல் குனிந்து பார்த்தார்.

"டாக்டர்! சிவக்குது பாருங்க! 'ஆமாம்'ங்கறார்!"

டாக்டர் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள்.

"பொய்!" தம்பி துள்ளி எழுந்தார். "அவன் எப்படிப் பார்த்திருக்க முடியும்? நான் பின்னாலிருந்துதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ரொம்ப லேட்!

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டி அவரை வெளியே இழுத்துப் போனார்.

"ட்யூப்ல யாரும் கை வைக்கக் கூடாது டாக்டர். அந்தக் கையெழுத்து இனி செல்லாது."

"அது சரி சார்... ஆனா திரையில எதுவுமே சிவக்கலியே! அவர் அசந்து தூங்கிட்டிருக்கார்!"

"தெரியும் டாக்டர்," இன்ஸ்பெக்டர் ஏழு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "நல்லவேளை... தம்பி மூளையும் கொஞ்சம் கண்ணசந்துடுச்சு!"