இரட்டை வேகத்தில் ஒரு மழைப்பாட்டு

"நிறுத்துங்க அத!"

குடையைக்கூட விரிக்காமல் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி வந்தாள் அஜிஷா.

ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது அவள் குரல். அவளுடையதேதான்! ஆனால் அணில் குஞ்சின் வாலை யாரோ மிதித்துவிட்டதுபோல் கீச்சுக் கீச்சென்று தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற ஸ்டெனியும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான்... அதுதான் அவளைச் சுட்டது.

அஜிஷா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு பி.எட். பயிற்சிக்கு வந்தவள். போன கிறிஸ்துமஸில் சர்ச்சில் தனியாகப் பாடும்போது உச்சத்தில் குரல் உடைந்தது. பின்பெஞ்சில் ஒரு கூட்டம் கெக்கலித்தது. அன்றோடு நாலு பேர் முன்னால் பாடுவதை விட்டாள். பாட்டு வேளையில் உதட்டை மட்டும் அசைப்பாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதுவே ஒரு நிம்மதி.

வகுப்பறையில் பிள்ளைகளுக்கு மட்டும் பாடுவாள். போன வாரம் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோதுதான், வெளியே கொட்டிய மழைக்கு வராந்தாவில் ஒதுங்கினான் இவன். சட்டைக்குள் கேமராவைப் பொத்தி வைத்துக்கொண்டு, தலையெல்லாம் நீர் சொட்ட... தேங்காய்ப்பட்டணத்துக்காரன். நாகர்கோவிலில் சினிமாப் படிப்பு, கடைசி வருஷம். பள்ளிப் பிள்ளைகளை நடிக்க வைத்து ஒரு பாட்டுப் படம் எடுக்க அனுமதி கேட்டு வந்திருந்தான்.

"டீச்சர், இது யாருக்க பாட்டு?"

"நானா போட்டதாக்கும்."

"எனக்க படத்துக்கு இத நீங்களே பாடித் தருவியளா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கண்கள்! மழையில் கழுவி வைத்ததுபோல் அத்தனை கறுப்பாய், அத்தனை பளிச்சென்று... சரி என்று சொல்லிவிட்டாள். நூலக அறையைப் பூட்டிக்கொண்டு, தனியாக, அவனுடைய செல்போனில் பாடிக் கொடுத்தாள். அந்தக் குரலைத்தான் இப்போது இந்தப் பாடு படுத்துகிறான், பாவி!

"எனக்க கொரல வச்சுக் கோமாளி காட்டதுக்காக்கும் பாட வச்சீங்க?"

"டீச்சர்... அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாண்டாம். அழிச்சிருங்க, இப்பமே."

"நாளைக்கு காலேஜ்ல குடுக்கணும் டீச்சர்."

"தாராளமா குடுங்க. எனக்க கொரல் இல்லாம குடுங்க."

அவன் முகம் சிவந்தது. பிள்ளைகள் முன்னால் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வராது? ஒரே ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் போதும். ரோஷக்காரன், சொல்லவில்லை.

"சரி. அழிச்சிருதேன். நீங்க போங்க."

பிள்ளைகளை வரிசையாக இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

அதன்பிறகு அவளுக்கு ஒரே வெப்ராளம், இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். கரும்பலகையில் தேதியைத் தப்பாக எழுதினாள், அழித்து மறுபடியும் தப்பாகவே எழுதினாள். அழித்திருப்பானோ? அழிக்கட்டுமே... ஐயோ, நிஜமாகவே அழித்திருந்தால்? அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லையே!

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நந்தனா பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டில் முதல் ஆளாக ஓடுகிற பிள்ளை அவள்.

"டீச்சர், எதுக்காக்கும் நம்ம பாதியில வந்தோம்?"

"அவரு என்னய களியாக்கிச் சிரிச்சாரு மக்கா. நீங்களும் சிரிச்சீங்க இல்லா?"

"ஐயே, இல்ல டீச்சர்! பாட்டு ரெட்டை ஸ்பீடுல ஓடும்னு ஸ்டெனி அண்ணன் முன்னாடியே சொல்லிச்சு. நாங்களும் அதே வேகத்துல வாய அசைக்கணும். பொறவு படத்த பாதி ஸ்பீடாக்குமாம். அப்பம் ஒங்க பாட்டு சரியா வரும், நாங்க மெல்ல மெல்ல ஓடுவோம், மழை பஞ்சு கணக்கா விழும்!"

கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் போட்டாள் அஜிஷா.

"இத ஏன் எனக்கு ஆரும் சொல்லல?"

"நீங்க அப்பம் நோட்டுல கையெழுத்து வாங்க செல்லபாய் டீச்சர்ட்ட போயிருந்தீங்க."

நன்றாக வேண்டும் உனக்கு அஜிஷா! கேட்டாயா? கேட்டாயா ஒரு வார்த்தை?

தலைமையாசிரியை செல்லபாயிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் வாங்கினாள். பிள்ளைகளோடு மறுபடியும் தோட்டத்துக்கு ஓடினாள். மழை பெருத்திருந்தது. மரத்தடியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான் ஸ்டெனி.

"அழிச்சாச்சா?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

அவன் நிமிரவில்லை. "நாலு வாட்டி அழிக்கப் போனேன். முடியல்ல டீச்சர்."

காலையில் எடுத்ததைச் சின்னத் திரையில் காட்டினான். நந்தனாவின் முடி அலையலையாய் எழுந்து தணிந்தது. துளிகள் நின்று நிதானித்து விழுந்தன. அதற்கு மேல் அவள் குரல், அதன் சொந்த நடையில்... 'மழையே மழையே மெல்லப் பேசு, மரத்தில் குஞ்சு தூங்குது...' தன் குரலைக் காதைப் பொத்தாமல் அவள் கேட்டாள். அழகாகத்தான் இருந்தது!

"மன்னிச்சிருங்க. கேக்காம கத்திட்டேன்."

"தப்பு எனக்கதும்தான். பிள்ளையளுட்ட எல்லாம் சொன்னேன், பாடுன ஆளுட்ட சொல்லல." பிறகு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஆனா இதுக்குள்ள மழைத்தண்ணி கேறிட்டு. செல்போன் சத்தம் இந்த மழையில கேக்காது. இனி எடுக்கணும்னா ஆராவது ரெட்டை வேகத்துல பாடணும்."

இருபது ஜோடிக் கண்களும் அவள்மேல் திரும்பின.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். அவனுக்கு அது தெரிந்துவிட்டது. "வேண்டாம் டீச்சர். எடுத்தவரைக்கும் போதும், சமாளிச்சிருவேன்."

"கேமராவ எடுங்க," என்றாள் அஜிஷா.

பாடினாள். கேமராவுக்குப் பக்கத்திலேயே ஓடி ஓடி, நனைந்துகொண்டே, மூச்சுக்கும் இடம் விடாமல் பாடினாள். உச்சத்தில் குரல் உடைந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டாள் ஒரு கணம்... பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது! சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பிடித்தாள். அத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாம் முறை பாட்டு முடிந்தும் 'கட்' சொல்ல மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான் ஸ்டெனி.

பிள்ளைகள் ஆரவாரமாய் முன்னால் ஓட, இருவரும் பின்னால் நடந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? செல்லபாய் டீச்சர் அனுமதி தந்தது மொத நாளே."

"பின்ன எதுக்கு மூணு நாளா ஆபீஸ் வாசல்ல நின்னீங்க?"

"அங்க நின்னா... ஒங்க கிளாஸ் தெரியும்."

அவள் கன்னம் சூடானது. சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"நாளைக்கு காலேஜ்ல குடுத்துட்டு இங்க வருவீங்களா?"

"இனி எடுக்கதுக்கு ஒண்ணும் இல்லியே."

"அதனாலதான் கேக்கேன். சும்மா வாங்க. எனக்கு... எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு."

ஸ்டெனி அப்படியே நின்றுவிட்டான். "இத எப்பிடிச் சொல்லணும்னு ஒரு வாரமா ஒறக்கமில்லாம கெடக்கது நானாக்கும்! நீங்க முந்திட்டீங்களே?"

"பின்ன? நீங்க சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்க ட்ரெயினிங் முடிஞ்சிருமே!"