பத்தரை காட்டிய ஃபோன்

செந்தமிழனின் ஆட்டோ அடையவளஞ்சான் தெருவில் வந்து நின்றபோது மாலை மணி ஐந்து. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற ரத்தினவேல் அப்போதுதான் காபியில் வாய் வைத்திருந்தார். ஃபோன் விஷயத்தில் ஸ்ரீரங்கத்தில் யாருக்கு என்ன வம்பு வந்தாலும் அவரிடம்தான் வரும். செந்தமிழனுக்கோ, வம்பு இல்லாத நாளில் சோறு இறங்காது.

"அண்ணே, பொன்மலையிலேர்ந்து கூட்டிட்டு வரேன். டப்பா ஃபோனை வித்து இவங்க பொழப்பையே கெடுத்துட்டாங்க. அந்தக் கடைக்காரியை விடக் கூடாதுண்ணே."

பின்னால் வந்தவள் யமுனா. அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுடைய கணவன் சிவசங்கர் அவளை விடக் கோபமாக இருந்தான்.

"லேப் டெக்னீஷியன் படிச்சுட்டு மூணு வருஷமா வேலை தேடறேன் சார்," என்றாள் யமுனா. "கே.கே. நகர்ல ஒரு ஆஸ்பத்திரியில இன்டர்வியூ முடிஞ்சு, இன்னைக்குப் பத்து மணிக்கு மேல கூப்பிடறோம், எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு சொல்லியிருந்தாங்க. பத்தரைக்கு எடுத்துப் பார்த்தா ஃபோன்ல டவரே இல்ல. பக்கத்து வீட்டு ஃபோன்ல கூப்பிட்டேன். ரெண்டு தடவை போட்டோம், கெடைக்கல, வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சுன்னுட்டாங்க."

"எப்ப வாங்கின ஃபோன்?"

"பத்து நாள் ஆச்சு. பழசுதான். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா பேசினேன். இப்ப மணி கூடத் தப்பாக் காட்டுது, பாருங்க. பத்தரையாம். அதுவும் ஜனவரி ஒண்ணாம் தேதியாம்."

ரத்தினவேல் ஃபோனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காபியை ஓரமாக வைத்துவிட்டார்.

"கடைக்காரங்க வேலைதான் சார்," என்றான் சிவசங்கர். "நான்தான் போய் வாங்கினேன். போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"பில் இருக்கா?"

"எங்கியோ தொலைஞ்சு போச்சு."

"காலையில வீட்ல யார் யார் இருந்தீங்க?"

யமுனாவின் குரல் கடுத்தது. "என் மாமியாரும் இருந்தாங்க. பொம்பளைக்கு நைட் டூட்டி எதுக்குன்னு ஒரு மாசமாப் பேச்சு. கடைக்காரங்க இல்லைன்னா அவங்கதான். வேலை போச்சுன்னு தெரிஞ்சதும் அவங்களை வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன். சாப்பிடாமக்கூடப் பூ விக்கப் போயிட்டாங்க."

"எத்தனை மணிக்கு எழுந்தாங்க?"

"நாலரைக்கு. இந்த ஊர் மார்க்கெட்லதான் பூ எடுப்பாங்க. அஞ்சுக்குப் பஸ் ஏறினா ஒம்பதுக்குத்தான் திரும்புவாங்க. நான் ஆறுலேர்ந்து ஏழு வரை தெருக் குழாயில நின்னேன். ஃபோன் ஃபிரிட்ஜ் மேல சார்ஜ்ல இருந்துச்சு."

"நான் ஆறே முக்காலுக்கு ஷிஃப்டுக்குப் போயிட்டேன்," என்றான் சிவசங்கர். "ஃபோனைப் பெட்டியில பூட்டிட்டுத்தான் வேலை பார்ப்பேன். இல்லைன்னா நானே பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பார்த்திருப்பேன்."

ரத்தினவேல் நகத்தால் ஃபோனின் பின்மூடியைத் திறந்தார். பேட்டரியை எடுத்தார். அதன் அடியில் இரண்டு சிம் இடங்கள். முதலாவது காலி. யமுனாவின் சிம் இரண்டாவதில் இருந்தது.

"சிம்மை நீங்க மாத்தினீங்களாம்மா?"

"இல்ல சார். இவர் போட்டுக் குடுத்ததுதான். நான் தொட்டதே இல்ல."

ஐந்து நிமிடம் கழித்து வெறும் பேட்டரியை மட்டும் மாட்டி ஃபோனை உயிர்ப்பித்தார். திரையில் பன்னிரண்டு மணி, ஜனவரி ஒன்று. அதைச் செந்தமிழனிடம் காட்டிவிட்டு, அந்த ஃபோனை விற்ற கடைக்காரி ஃபெமினாவைத் தன் ஃபோனில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"அந்த ஃபோனா சார்? ரெண்டாவது எடம் பழைய டூஜிக்கு மட்டும்தான். அவங்க கம்பெனி சிம் ஃபோர்ஜி. முதல் எடத்துல போட்டாத்தான் டவர் வரும். வாங்க வந்தவர்கிட்ட நாலு தடவை சொன்னேன், பில்லுலயும் எழுதிக் குடுத்தேன். ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?"

"இல்லம்மா. ஃபோன் நல்லாத்தான் இருக்கு."

செந்தமிழனின் முகம் தொங்கிப் போயிற்று. கடைக்காரியைப் பிடித்துவிடலாம் என்று பொன்மலையிலிருந்து துடித்துக்கொண்டு வந்தவன், பாவம்.

"இதுல பேட்டரியைக் கழட்டாம சிம்மை எடுக்க முடியாது," என்றார் ரத்தினவேல். "கழட்டி வெச்சா கடிகாரம் பன்னிரண்டுக்குப் போயிடும். மறுபடி டவர் கெடைச்சா தானாச் சரியாகும், கெடைக்கலைன்னா பன்னிரண்டுலேர்ந்து அப்படியே ஓடும். நீங்க வந்தப்போ அஞ்சு மணி. ஃபோன்ல பத்தரை. அப்போ பேட்டரியை மாட்டி எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"பத்தரை மணி நேரம்," என்றான் செந்தமிழன். விரல் விட்டு எண்ணினான். "காலையில ஆறரைண்ணே."

"ஆறரைக்கு மாமியார் பூ மார்க்கெட்ல. இந்தம்மா குழாயடியில. ரெண்டாவது எடத்துல டவர் வராதுன்னு தெரிஞ்சதும் ஒரே ஆளுக்குத்தான். சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தா திருட்டுன்னு தெரிஞ்சிடும். எடம் மாத்திப் போட்டா பழி ஃபோன் மேல போயிடும்."

யமுனா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுங்கள் என்பது போல் பார்த்தாள்.

ரத்தினவேல் சிம்மை முதல் இடத்தில் போட்டார். அரை நிமிடத்தில் கடிகாரம் சரியானது. தவறிய அழைப்புகளுக்கான செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆஸ்பத்திரி, பத்து இருபது. ஆஸ்பத்திரி, பத்து பத்து. அதற்கும் முந்தையது ஒன்பது ஐம்பத்தைந்து. அது சிவசங்கரின் எண்.

"பெட்டியில பூட்டிடுவேன்னீங்க," என்றாள் யமுனா. "ரிங் போகலைன்னு உறுதிப்படுத்திக்கிட்டீங்களா?"

"எடுத்த எடுப்பிலேயே என்னை விட அதிகச் சம்பளம்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "வொர்க்‌ஷாப்ல பயலுக இப்பவே கிண்டல் பண்றானுங்க. வேணாம்னு சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"சொல்லவே இல்லையே. வாழ்த்துச் சொன்னீங்க. அத்தைதான் மூஞ்சிக்கு நேரா வேணாம்னாங்க. அவங்களைத்தான் நான் சாப்பிட விடாமத் திட்டி அனுப்பினேன்."

கைவிட்டுப் போன வேலைக்கு ரத்தினவேலிடம் வைத்தியம் இல்லை. "அம்மா, ஆஸ்பத்திரியில நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். கேட்கும்போதே அதில் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

"வேணாம் சார். அந்தப் பொண்ணு எத்தனை வருஷம் காத்திருந்தாளோ."

அவளே பின்மூடியைத் திறந்தாள். நகம் உடைந்தது, கவனிக்கவில்லை. தன் சிம்மை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஃபோனைக் கணவன் கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. உங்க சிம்மை எந்த எடத்துல வேணாப் போடுங்க. இனி எனக்கு வர்ற கால் எதுவும் இதுக்கு வராது."

ஆட்டோவில் ஏறிக்கொண்டவள், அத்தை சாயங்காலம் பூ விற்கும் இடத்தைச் செந்தமிழனுக்குச் சொன்னாள். வழியில் நாலு இட்லி வாங்க வேண்டும் என்றாள். சிவசங்கரும் ஏறப் போனான். செந்தமிழன் அவனை ஏற்றாமலே வண்டியைக் கிளப்பினான்.