சொட்டுச் சொட்டாய் ஒரு சதி!

"ஐயோ... என் பிள்ளை!"

அலறல் குழந்தைகள் வார்டையே உலுக்கியது.

நர்ஸ் ஓடி வந்தாள். எட்டு மாதக் குழந்தை மூச்சுக்குத் தவித்தது. உதடு நீலம். வாயோரம் நுரை!

கட்டிலருகே பெரியம்மாக்காரி. அவள் விரல்கள்... டிரிப் குழாயின் திருகில்!

"கையை எடுங்க! என்ன பண்ணீங்க?"

"மூடினேன் சிஸ்டர்... தண்ணி கடகடன்னு ஓடுச்சு..."

"பொய்! இவதான் திறந்திருக்கா!" குழந்தையின் தாய் பாய்ந்தாள். "எனக்குப் பிள்ளை பொறந்ததுலேர்ந்து இவளுக்கு வயித்தெரிச்சல்!"

பெரியம்மாக்காரி திருகிலிருந்து கையை எடுத்தாள்.

வயிற்றெரிச்சல்... அது உண்மை!

ஓரகத்தி மடியில் குழந்தை சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் நேரே தொட்டிலுக்குத்தான் போவார்கள். அவள் நீட்டும் காபி ஆறிப்போகும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

டாக்டர் ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தார். ஊசி போட்டார்.

"நிமோனியா குழந்தை. சொட்டு எண்ணி ஏத்தணும். அளவு மீறினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு... உயிருக்கே ஆபத்து!"

"பொழைச்சுக்குமா டாக்டர்?" முதலில் கேட்டது பெரியம்மாக்காரிதான்.

"இந்த ஊசிக்கு மூத்திரம் போகணும். போனா தப்பிச்சுது."

"நடிக்கிறா!" தாய் சீறினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இன்ஸ்பெக்டர் கூச்சல் கேட்டு மீசையை நீவியபடி வந்து சேர்ந்தார்.

"இங்க யார் யார் இருந்தீங்க?"

"நான் பால் பாட்டில் கழுவப் போனேன் சார். வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போயிட்டார். திரும்பி வந்தா... இவ மட்டும்!"

"எதுக்கும்மா வந்தே?"

பெரியம்மாக்காரி தலைகுனிந்தாள். "இவ இருந்தா பிள்ளையைத் தொடவே விடமாட்டா. இல்லாதப்ப ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம்னு..."

"நல்லா ஜோடிக்கிறே. நட ஸ்டேஷனுக்கு!"

அப்போது கதவு திறந்தது. குழந்தையின் அப்பா! கையில் புது குளுக்கோஸ் பாட்டில்.

"வாங்கிட்டேன் சிஸ்டர்! பழசு முடிஞ்சிருக்குமே... இதை மாட்டுங்க!"

டாக்டர் சட்டென்று திரும்பினார்.

"அது நாளைக் காலைவரைக்கும் ஓட வேண்டிய பாட்டில். இப்பவே முடியும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அப்பா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"அந்தப் பாப்பாவுக்கு மட்டும் வேகவேகமா ஏத்துனீங்க... எழுந்து விளையாடுது. எம்பிள்ளைக்கு மட்டும் சொட்டுச் சொட்டா... பொறுக்கலை டாக்டர். நான்தான் கொஞ்சம் திருகிவிட்டேன்."

"அதுக்கு வயித்துப்போக்கு! உடம்புல தண்ணியே இல்ல, வேகமா ஏத்தினோம். உங்க பிள்ளைக்கு அதே வேகம் விஷம்யா! இந்தம்மா மூடலைன்னா இந்நேரம்..." டாக்டர் குழந்தையிடம் திரும்பினார்.

"டாக்டர்... துணி நனைஞ்சிடுச்சு!" நர்ஸ் கூவினாள்.

உதட்டின் நீலம் மெல்ல விலகியது.

தாய் விக்கினாள். "அக்கா... நான் உங்களைப் போய்..."

"பொறாமைதான்டி. இல்லேன்னா சொல்றேன்?" பெரியம்மாக்காரி கண்ணைத் துடைத்தாள். "ஆனா அது உன் மேல. பிள்ளை மேல இல்ல."

பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"தம்பி... இனிமே எதையாவது திறந்தே ஆகணும்னா, முதல்ல வாயைத் திறந்து டாக்டரைக் கேளுங்க!"