சிறுத்தையைப் பார்த்த கமரா

“எடுத்தவன் நீதான். வேற ஆரு நேத்துக் காட்டுக்குள்ள போன?”

“அல்பேட் அண்ணே, கண்டமாதிரிக் கதைக்காதீங்க. நான் அதைத் தொடவே இல்ல.”

“அப்ப கமராவுக்குக் கால் முளைச்சிட்டுதா?”

மாங்கேணியில் அல்பேட்டின் சபாரி முற்றத்தில் எழுந்த சத்தம், அடுத்த வளவில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கேதீஸ்வரிக்குக் கேட்டது. பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டால் எழும்பி ஓடுகிறவர் அல்ல. தையல்காரி மேர்லின்தான் அவருக்கு முன்பே வேலி ஓட்டையில் கண்ணை வைத்திருந்தாள். தையல் மெசினை விட வேலியோடுதான் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

“அக்கா, நிதுர்ஷனைப் போட்டு வறுக்கிறான். வாங்க, போவம்.”

“சம்பல் அரைச்சிட்டு வாறன்.”

சம்பல் அரைபடவில்லை. அல்பேட்டிடம் ஜீப் ஓட்டுகிற நிதுர்ஷனே வேலியோரம் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

விசயம் இதுதான். அல்பேட் ஆட்களை ஜீப்பில் காட்டுக்கும் தோணியில் வாவிக்கும் கூட்டிப்போகிறவன். ‘புலி பார்க்கலாம்’ என்று பலகை எழுத இந்த ஊரில் யாருக்கு மனம் வரும்? ‘சிறுத்தை’ என்றுதான் எழுதியிருந்தான். இந்தியாவில் வரிப்புலி பார்த்துவிட்டு வருகிற வெள்ளைக்காரருக்கு அதையாவது காட்ட வேண்டுமே. அண்மையில் ஒரு சிறுத்தை பாறையடியில் குட்டி போட்டது. அங்கே யாரும் போகக்கூடாது என்று மறித்த அதிகாரிகள், மரத்தில் ஒரு கமராவையும் கட்டினார்கள். முந்தாநாள் அது இருந்தது. இன்று காலை போய்ப் பார்த்த காவலாளி வெறும் பட்டியைத்தான் கண்டார்.

பின்னேரம் அதிகாரி வருகிறார். நேற்றுக் காட்டுப் பாதையால் போனது நிதுர்ஷனின் ஜீப் ஒன்றுதான். அவன் பெயர் போனால் வழிகாட்டி அனுமதி போகும். கரடியனாற்றில் பேசிவைத்த கலியாணமும் போகும். பெண்ணின் தகப்பன் அந்தக் காவலாளிதான்.

“நேத்து நீ எங்க மனே?” என்று முற்றத்துக்கு வந்த கேதீஸ்வரி தோணிக்காரன் பிறின்ஸைக் கேட்டார். அவன் அல்பேட்டின் மச்சான், மனைவியின் தம்பி. அந்த வீட்டில் அவனை ஒருவரும் அதட்டுவதில்லை.

“அந்தோனியார் திருவிழா. கோயில்லதான் நிண்டன். தோணியத் தொடல்ல. மோட்டர் சாவி இந்தா, என்ட இடுப்பிலேயே கிடக்கு.”

“ஓம் அக்கா,” என்று மேர்லின் முந்திக்கொண்டாள். “ஊர்த் தோணி எல்லாம் கரையில கவிட்டுத்தான் கிடந்தது. இவங்கட தோணிதான் தண்ணியில மிதந்தது.”

அல்பேட்டின் ஜீப்பில் ஐந்து பேரும் புறப்பட்டார்கள். காடு தொடங்குகிற இடத்தில், ஒரு மரத்தடியில் பிள்ளையார் கல். ஆனைக்காட்டுக்குள் இறங்குகிறவன் இலையோடு ஒரு குழையை முறித்து அந்த மரத்தின் கொப்பில் தொங்கவிட்டுத்தான் போவான். பிள்ளையாரைச் சுற்றி நிற்கிற மரங்களில் கைவைக்கக் கூடாது. வருகிற வழியிலேயே முறித்துவர வேண்டும். அதனால் வழியிலேயே நிதுர்ஷன் ஜீப்பை நிறுத்தி வீரை மரத்துக் குழை முறித்தான். அல்பேட் முறித்தான். பிறின்ஸும் முறித்தான். முறித்துப் போடும்படி யாரும் சொல்லவில்லை.

கொப்பில் காய்ந்த குழைகள் சருகாய்த் தொங்கின. நடுவே, வாடத் தொடங்கிய நாலைந்து.

“நேத்து ஆரு போட்டது?”

“நானும் என்னோட வந்த வெள்ளைக்காரரும், அக்கா. நான்தான் வீரை முறிச்சுக் குடுத்தன். ஆளுக்கொண்டு.”

கேதீஸ்வரி ஒரு குழையைத் தொட்டுப் பார்த்தார். தடித்த, மினுங்குகிற இலை. நுனியில் பென்சில் போல நீண்ட காய்.

“இதென்ன காய்?” என்றாள் மேர்லின்.

“பாத்து வை.”

உள்ளே எங்கோ கொப்பு முறிகிற சத்தம். ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள். ஆனை. பாதையோரத்து ஆனைப்பிண்டத்தில் இன்னும் ஆவி பறந்தது. சத்தம் விலகும்வரை மேர்லின்கூட வாய் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“உள்ளுக்குப் போகத் தேவையில்ல,” என்றார் கேதீஸ்வரி மெதுவாக. “நிதுர்ஷன் எடுக்கல்ல.”

“எப்பிடி?” என்றான் அல்பேட்.

“இது கண்டல் குழை. ஜீப்புப் பாதையில ஒரு கண்டல் மரம் காட்டுங்க பாப்பம். அது வாவிக்கரையில மட்டும்தான் நிக்கும். வழியில முறிச்சதைத்தான் போடுவாங்க. நேத்து ஒருத்தன் தண்ணிப் பக்கத்தால ஏறி வந்திருக்கான்.”

“ஊர்த் தோணியில ஆரும் வந்திருப்பாங்க,” என்றான் பிறின்ஸ்.

“எல்லாம் கவிட்டுக் கிடந்ததெண்டு இவள் சொன்னாளே. மிதந்தது ஒண்டுதான். அதின்ட சாவி எங்க கிடக்கெண்டு நீயே சொன்னாய்.”

“நான் அந்தோனியார் கும்பிடுற வேதக்காரன். எனக்கென்ன பிள்ளையார்?”

“இப்ப ஆரும் சொல்லாமலே போட்டாயே மனே. கழுத்தில அந்தோனியார், கையில பிள்ளையாருக்குக் குழை. ஆனைக்குப் பயந்தவன் ரெண்டு பேரையும் விடமாட்டான். களவுக்குப் போனாலும் குழை போடாம உள்ளுக்குப் போக இந்த ஊர்க்காரனுக்குக் கால் எழும்பாது.”

பிறின்ஸ் கழுத்து அந்தோனியாரைச் சட்டைக்குள் விட்டான்.

“கமராவுக்குள்ள என்ன இரிக்கு?”

“என்ட மூஞ்சிதான்,” என்றான் அவன். “போன கிழமை ரெண்டு பேரைத் தோணியில கொண்டுபோய் இறக்கிப் பாறையடிக்குக் கூட்டிப்போனன். தூர நிண்டு பாருங்க எண்டன். கேட்கல்ல. குட்டியைத் தூக்கப் பாத்தாங்க. தாய் பாஞ்சு வந்திச்சு, மச்சான். மயிரிழையில தப்பினம்.”

“உன்னை விட்டுட்டு இவனை நான்...” அல்பேட் நிதுர்ஷன் பக்கம் திரும்பினான்.

கமரா தோணியின் முன்பலகைக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. பின்னேரம் வந்த அதிகாரியிடம் அல்பேட்டே அதைக் கொடுத்தான். தம்பியைக் காட்டிக்கொடுத்ததற்காக அவன் மனைவி தாய் வீட்டுக்குப் போய், மார்கழியில் நத்தாருக்குத்தான் திரும்பி வந்தாள்.

பிறின்ஸ் இப்போது கட்டாரில் லொறி ஓட்டுகிறான். நிதுர்ஷனின் கலியாணம் ஆவணியில் கரடியனாற்றில் நடந்தது. மாமனாரான காவலாளியிடம் அல்பேட் மன்னிப்புக் கேட்டதைப் பந்தல் முழுக்கப் பார்த்தது.

சிறுத்தையும் இடம் மாறிவிட்டது. ஆட்கள் கிட்டப் போன பிறகு குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு காட்டுக்குப் போயிற்றாம். எங்கே என்று நிதுர்ஷனுக்குத் தெரியும். அல்பேட் கேட்டான். மேர்லின் சட்டை தைத்துக் கொடுத்தும் கேட்டாள். கட்டினவளும் கேட்டாளாம். சோற்றை இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறானே தவிர, இடத்தைச் சொல்கிறான் இல்லை.